நியூட்ரல் ஓட்டக்காரருக்குக் குஷன் எவ்வளவு வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 36, எடை 54 கிலோ. மூன்று ஆண்டுகளாக, வாரத்தில் நான்கு நாள், மொத்தம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தார்ச்சாலையில் ஓடுகிறேன். இப்போது முதல் அரை மாரத்தானுக்குத் தயாராகிறேன். பழைய ஷூ 900 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டதால் புதிது வாங்கப் போனேன். டிரெட்மில்லில் ஓடவிட்டு வீடியோ எடுத்துப் பார்த்து நான் "நியூட்ரல்" என்றார்கள். "உங்களுக்கு எடை குறைவு, மெல்லிய ஷூவே போதும், தடித்த குஷன் எல்லாம் கனமானவர்களுக்குத்தான்" என்றார் விற்பனையாளர். என்னோடு ஓடும் தோழியோ, கிடைப்பதிலேயே மிருதுவானதை வாங்கினால் காயமே வராது என்கிறார். பழைய ஷூவில் குதிகாலின் வெளிவிளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது; அது ஏதேனும் குறையின் அறிகுறியா? நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் கெண்டைக்கால் சற்று இறுகுகிறது. வேறு வலி இல்லை. நான் எதை வாங்க வேண்டும்? பாதவளைவுக்குத் தனியாக இன்சோல் போட வேண்டுமா?

பதில்: ஓட்டக்காரர்களின் கால்களைப் பரிசோதிக்கும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில் உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் கவனத்தை முதலில் ஈர்த்தது, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஓடியும் வலியென்று சொல்லும்படி எதுவும் உங்களுக்கு வரவில்லை என்ற செய்தியே. அப்படியானால் உங்கள் பழைய ஷூ உங்கள் காலுக்கு ஒத்துப்போயிருக்கிறது. புதியதைத் தேடும்போது அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் சொன்னதையும் தோழி சொன்னதையும் நான் ஏற்கவில்லை. எடை குறைந்தவருக்குக் குஷன் வேண்டாம் என்பதும் தவறு, குஷன் கூடக்கூடக் காயம் குறையும் என்பதும் தவறு. நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது, நடுத்தரமான அல்லது அதைவிடச் சற்றுத் தாராளமான குஷன் கொண்ட, அன்றாடப் பயிற்சிக்கென்று செய்யப்பட்ட ஒரு நியூட்ரல் ஷூ. அதன் குதிகால் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வேறுபாடு உங்கள் பழைய ஷூவில் இருந்ததை ஒட்டியே இருக்கட்டும். எந்த மாடல் என்பதை, அணிந்து ஓடிப்பார்த்து நீங்களே முடிவு செய்ய வேண்டும். அது ஏன் என்பதையும் கீழே விளக்குகிறேன்.

கடையில் உங்களுக்குக் கொடுத்த அடையாளத்திலிருந்து தொடங்குவோம். ஓடும்போது பெரும்பாலோரின் பாதம் முதலில் தன் வெளிவிளிம்பில் தரையைத் தொட்டு, பிறகு உட்புறமாகச் சற்றுச் சாய்கிறது. அந்த நேரத்தில் பாதவளைவு கொஞ்சம் தாழ்கிறது, முழங்கால் மடங்குகிறது, கீழ்க்காலும் உட்பக்கமாகச் சிறிது சுழல்கிறது. உடல் எடையைப் போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு வரையிலான விசையை ஒவ்வோர் அடியிலும் தாங்கவேண்டிய காலுக்கு, இந்தச் சாய்வு இயற்கை கொடுத்திருக்கும் அதிர்வுதாங்கி. இது அளவுக்கு மிஞ்சினால் கேடு என்ற எண்ணத்தில்தான், உட்புறச் சாய்வு அதிகமுள்ளவர்களுக்கு உள்விளிம்பில் கெட்டியான நுரை வைத்த "ஸ்டெபிலிட்டி" ஷூக்களையும், சாய்வு மிதமாக உள்ளவர்களுக்கு அப்படி எந்தத் தடுப்பும் இல்லாத நியூட்ரல் ஷூக்களையும் நிறுவனங்கள் தனித்தனி வகைகளாக விற்றுவருகின்றன. ஆக, கடைக்காரர் உங்களிடம் சொன்னதன் பொருள், உள்விளிம்புத் தடுப்பு உங்களுக்குத் தேவைப்படவில்லை என்பது மட்டுமே. உங்களுக்கு எவ்வளவு குஷன் வேண்டும், எந்த அகலம் வேண்டும், எந்த நுரை ஏற்கும் என்பதை அந்த வீடியோ சொல்வதில்லை. இரண்டு நிமிட டிரெட்மில் ஓட்டத்தில் அதைச் சொல்லவும் முடியாது.

இந்த வகைப்பாட்டுக்கே இன்று ஆய்வுகளில் வலுவான ஆதரவு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை ஆகிய மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2009, 2010 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில், ஒரு பிரிவினருக்குப் பாதத்தின் அடிவடிவத்தைப் பார்த்து அதற்கேற்ற வகை ஷூவும், மற்றொரு பிரிவினருக்குப் பாதம் எப்படியிருந்தாலும் ஒரே வகை ஷூவும் கொடுத்துப் பார்த்தார்கள். காயங்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. டென்மார்க்கில் 927 புதிய ஓட்டக்காரர்களுக்கு ஒரே நியூட்ரல் ஷூவைக் கொடுத்து ஓராண்டு கண்காணித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. பாதம் உட்சாய்ந்தவர்கள் அதிகம் காயப்படுவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் அப்படி நடக்கவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை காயம் என்று கணக்கிட்டபோது அவர்கள் சற்றுக் குறைவாகவே காயப்பட்டிருந்தார்கள். இதற்கு மாறாக, பாதம் நன்றாக உட்சாய்ந்தவர்களுக்குத் தடுப்பு வைத்த ஷூ பயன்பட்டதாகக் காட்டிய ஆய்வும் உண்டு. ஆனால் அது உங்களைப் பற்றியதல்ல. நியூட்ரல் என்று சொல்லப்பட்டவர் அதைத் தனக்குக் கிடைத்த சுதந்திரமாக எடுத்துக்கொள்ளலாம். கடையின் மிகப்பெரிய அலமாரி உங்களுக்குத் திறந்திருக்கிறது.

குதிகாலின் வெளிவிளிம்புத் தேய்மானம் குறையே அல்ல. மேலே சொன்னபடி, குதிகாலில் இறங்குபவர்களில் பெரும்பாலோரின் பாதம் முதலில் வெளிவிளிம்பில்தான் தரையில் உரசுகிறது. அங்கே ரப்பர் தேய்வதில் வியப்பில்லை. அதை வைத்துக்கொண்டு "உங்கள் பாதம் வெளிப்புறமாகச் சாய்கிறது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தட்டையான மேசையில் ஷூவை வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். மேல்துணியும் நுரையும் சேர்ந்து ஒருபக்கமாகக் குலைந்து சரிந்திருந்தால் அது கவனிக்கவேண்டிய செய்தி. அடிரப்பர் மட்டும் தேய்ந்திருந்தால் நீங்கள் ஓடியிருக்கிறீர்கள் என்பதைத் தவிர வேறு செய்தி அதில் இல்லை.

இனி விற்பனையாளரின் வாதத்துக்கு வருகிறேன். எடை கூடியவருக்குக் குஷன் அதிகம் வேண்டும், குறைந்தவருக்குக் குறைவாகப் போதும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் சக மருத்துவர்கள் பலரும் நெடுங்காலம் கேட்டுவந்த வாதம் அது. ஆனால் லக்சம்பர்க்கில் 848 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களிடம் ஆறு மாதம் நடத்தி 2020-இல் வெளியிட்ட சோதனை இதைத் தலைகீழாக்கியது. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த இரண்டு ஷூக்களில் ஒன்றின் நுரை மிருது, மற்றதன் நுரை கடினம். யாருக்கு எது கிடைத்தது என்பது ஓடியவர்களுக்குத் தெரியாது. கடினமான ஷூ கிடைத்தவர்களின் காய ஆபத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தது. பங்கேற்றவர்களை எடையின்படி இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது, மிருதுவான ஷூவின் நன்மை தெளிவாகத் தெரிந்தது எடை குறைந்தவர்களிடம்தான்; எடை கூடியவர்களிடம் அந்த வேறுபாடு உறுதியாகத் தென்படவில்லை.

காரணம் முழுமையாக நிறுவப்படவில்லை என்றாலும், எனக்கு ஏற்புடையதாகத் தோன்றும் விளக்கம் எளிமையானது. ஒரு நுரை எவ்வளவு அமுங்கும் என்பது அதன்மேல் விழும் விசையைப் பொறுத்தது. 85 கிலோ எடையுள்ளவர் இதமாக இருக்கிறது என்று சொல்லும் அதே ஷூ, 54 கிலோ எடையுள்ள உங்கள் காலடியில் போதிய அளவு அமுங்காமல் விறைப்பாகவே நின்றுவிடலாம். ஆகவே, எடை குறைந்தவர்கள்தாம் நுரையின் மிருதுத்தன்மையைக் கூடுதலாகக் கவனித்து வாங்க வேண்டும். இணையத்தில் ஒரு ஷூவைப் பற்றி மதிப்புரை படிக்கும்போது எழுதியவரின் எடை சொல்லப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; அது இல்லாமல் "மிருது", "கடினம்" என்ற சொற்களை அப்படியே நம்பி வாங்குவதில் பொருளில்லை.

அப்படியானால் தோழி சொன்னதுதானே சரி என்று நீங்கள் கேட்கக்கூடும். அங்கேதான் தயக்கம் வேண்டும். அந்தச் சோதனையில் ஒப்பிடப்பட்டவை வழக்கமான உயரமுள்ள இரண்டு பயிற்சி ஷூக்களே. இன்று கடைகளில் நிற்கும் மிகத் தடித்த அடித்தளங்கள் அல்ல. மிகத் தடித்த ஷூவையும் வழக்கமான ஷூவையும் 12 பேரை ஓடவைத்து ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், வேகமாக ஓடும்போது தடித்த ஷூவில்தான் தரை மோதலின் முதல் அதிர்வு கூடியது. கால் தன் காலடியில் இருப்பதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதே இதன் பின்னணி. மென்மையான தளத்தில் இறங்கும்போது முழங்காலையும் கணுக்காலையும் நாம் அறியாமலேயே விறைப்பாக்கிக்கொள்கிறோம். ஷூ கொடுத்த மென்மையில் ஒரு பகுதியைக் கால் திருப்பி எடுத்துக்கொள்கிறது. சிறிய ஆய்வு என்பதால் இதை வைத்துத் தடித்த ஷூ கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன். குஷன் இரட்டிப்பானால் பாதுகாப்பும் இரட்டிப்பாகும் என்ற கணக்கு செல்லாது என்பதற்கு மட்டும் இது போதும்.

இதைவிட நடைமுறையில் எனக்குக் கவலை தருவது நிலைத்தன்மை. தடித்த, மிக மிருதுவான நுரையின்மேல் நிற்பது பஞ்சுமெத்தையின்மேல் ஒற்றைக் காலில் நிற்பதைப் போன்றது. பாதம் பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்ளக் கணுக்காலைச் சுற்றியுள்ள தசைகள் ஒவ்வோர் அடியிலும் உழைக்கின்றன. ஐந்து கிலோமீட்டரில் தெரியாத அந்த உழைப்பு பதினைந்தாவது கிலோமீட்டரில் தெரியும். ஆகவே அடித்தளம் உயர்ந்ததாக இருந்தால் அது அகலமாகவும் இருக்க வேண்டும், குதிகால் நுரைக்குள் சற்று அமிழ்ந்து உட்காரும்படி ஓரங்கள் எழும்பியிருக்க வேண்டும். நுரையை விரலால் அழுத்திப் பார்த்து முடிவு செய்வது, கடைகளில் நான் அடிக்கடி காணும் வீண்வேலை. விரலின் விசை எங்கே, ஓடும் உடலின் விசை எங்கே. அணிந்து, ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மெல்ல மடக்கி நிமிர்ந்து பாருங்கள். கணுக்கால் உள்ளும் புறமும் தடுமாறுகிறது, ஆனால் அதே செயலை வெறுங்காலில் செய்யும்போது தடுமாறவில்லை என்றால், அந்த ஷூ உங்களுக்கு அளவுக்கு மிஞ்சி மிருதுவானது.

நுரை வகைகளைப் பற்றி ஒரு பத்தி போதும். நெடுங்காலமாகப் பயன்படுவது ஈ.வி.ஏ. என்ற நுரை, எடை குறைவு, விலையும் குறைவு, ஆனால் நாளடைவில் அமுங்கித் தட்டையாகிவிடும், குளிரில் விறைக்கும். 2013-இல் அடிடாஸ் தன் பூஸ்ட் ஷூக்களில் கொண்டுவந்த, டி.பி.யு. என்ற பிளாஸ்டிக்கால் ஆன நுரை மணிகள் நீடித்து உழைப்பவை, ஆனால் கனமானவை. 2017-இல் நைக்கியின் வேப்பர்ஃப்ளை வழியாகப் பரவலாக அறியப்பட்ட பீபா நுரை மிக இலேசானது, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவது. போட்டிக்கான ஷூக்களில் தொடங்கி இப்போது அன்றாட ஷூக்களிலும் கலவையாக வருகிறது. ஒரு ஷூவின் எடை 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான ஆற்றல் செலவு ஏறக்குறைய 1 சதவீதம் கூடும் என்பது பழைய, பலமுறை உறுதியான கணக்கு. அரை மாரத்தானை முடிப்பதே குறிக்கோளாக உள்ள ஒருவர் இந்த ஒரு சதவீதத்துக்காகப் பொருத்தத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கார்பன் தகடு வைத்த போட்டி ஷூவை இந்த முறை நீங்கள் யோசிக்கவே வேண்டாம். குதிகாலில் சன்னல் வைத்துக் காட்டப்படும் ஜெல், காற்றுப்பை முதலியவை கண்ணைக் கவரும். ஆனால் உங்கள் காலைத் தாங்கும் வேலையில் பெரும்பங்கு அவற்றைச் சுற்றியுள்ள நுரைக்கே.

கெண்டைக்கால் இறுக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதியது, ஷூ தேர்வில் மற்ற எதையும்விட என்னை ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கவைக்கிறது. குதிகாலுக்கடியில் உள்ள நுரைக்கும் முன்பாதத்துக்கடியில் உள்ள நுரைக்கும் உயரத்தில் இருக்கும் வேறுபாட்டைத்தான் ஓட்டக்காரர்கள் "ட்ராப்" என்று சொல்கிறார்கள். மரபான பயிற்சி ஷூக்களில் இது 10 அல்லது 12 மில்லிமீட்டர். இன்று 8, 6, 4 என்று பல அளவுகளில் கிடைக்கிறது. ஆல்ட்ரா போன்ற சில நிறுவனங்கள் பூஜ்யத்தில் செய்கின்றன. ட்ராப் குறையும்போது குதிகால் தாழ்கிறது. கெண்டைக்கால் தசையும் அதைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணும் கூடுதலாக நீளவும் உழைக்கவும் நேர்கிறது. ட்ராப் கூடினால் அந்தப் பளு ஓரளவு முழங்கால் பக்கம் போகிறது. எந்த ட்ராபும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ அல்ல. 10, 6, பூஜ்யம் என்ற மூன்று ட்ராப்களை 553 பேரிடம் ஆறு மாதம் சோதித்த ஆய்வில் மொத்தத்தில் காய வேறுபாடு இல்லை. ஆனால் எப்போதாவது ஓடுபவர்களுக்குக் குறைந்த ட்ராப் நன்மையாகவும், உங்களைப் போல் வாரந்தோறும் தவறாமல் ஓடுபவர்களுக்கு அதுவே ஆபத்தைக் கூட்டுவதாகவும் இருந்தது. ஏற்கெனவே கெண்டைக்கால் இறுகுகிறது, பயிற்சித் தூரமும் கூடப்போகிறது என்ற நிலையில், பழைய ஷூவைவிடக் குறைந்த ட்ராபுக்கு இப்போது இறங்காதீர்கள். பழையதன் ட்ராப் எவ்வளவு என்பதை மாடல் பெயரை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கிடைக்காவிட்டால் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை உங்களுக்குப் பாதுகாப்பான வட்டம்.

பொருத்தம் என்பது விளம்பரங்களில் இடம்பெறாதது. ஆனால் என்னிடம் வருகிறவர்களின் ஷூச் சிக்கல்களில் பெரும்பாலானவை அதிலிருந்தே பிறக்கின்றன. மாலையில் கடைக்குப் போங்கள், முடிந்தால் ஓடிமுடித்த நாளில். நாள் முழுவதும் நின்ற பாதமும், ஓடிய பாதமும் காலைப் பாதத்தைவிடச் சற்றுப் பெரியவை, அரை மாரத்தானின் பின்பாதியில் நீங்கள் சுமக்கப்போவது அந்தப் பாதத்தைத்தான். ஓடும்போது போடும் சாக்ஸையே எடுத்துச் செல்லுங்கள். இரண்டு பாதங்களில் ஒன்று நீளமாக இருப்பது இயல்பு. அளவை நீளமான பாதத்துக்கு எடுங்கள். நின்றபடி பார்க்கும்போது மிக நீளமான விரலின் நுனிக்கும் ஷூவின் முனைக்கும் இடையில் ஒரு கட்டைவிரல் அகலம், அதாவது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், இடைவெளி வேண்டும். பலருக்கு மிக நீளமானது இரண்டாவது விரல் என்பதை மறக்க வேண்டாம். இந்த இடைவெளி இல்லாததால்தான் நீண்ட ஓட்டங்களுக்குப் பிறகு நகங்கள் கறுக்கின்றன. அலுவலகத்துக்குப் போடும் செருப்பின் அளவைவிட ஓட்டஷூ அரை அளவோ ஓர் அளவோ பெரியதாக அமைவது சாதாரணம். "எனக்கு எப்போதும் இந்த அளவுதான்" என்ற பிடிவாதத்தைக் கடைவாசலில் விட்டுவிடுங்கள்.

அகலத்தை நீளத்தைப் போல் எளிதில் கணிக்க முடியாது. ஷூவுக்குள் இருக்கும் மெல்லிய உள்தட்டைக் கழற்றித் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். பாதத்தின் ஓரம் தட்டுக்கு வெளியே வழிந்தால், அந்த ஷூவுக்குள் பாதம் நசுங்கும். நீளத்தைக் கூட்டி அகலக் குறையைச் சரிக்கட்ட முயல்வது பலரும் செய்யும் தவறு. பல நிறுவனங்கள் ஒரே மாடலை வழக்கமான அகலத்திலும் அகல அளவிலும் செய்கின்றன, கேட்டுப் பாருங்கள். முன்பாதம் அகலமாக உள்ள பெண்கள் ஆண்களுக்கான அதே மாடலை, அமெரிக்க அளவுமுறையில் ஒன்றரை அளவு குறைத்து, போட்டுப் பார்ப்பதும் உண்டு. அதில் தவறில்லை, குதிகால் மட்டும் தளர்கிறதா என்று கவனிக்க வேண்டும். குதிகால் இலேசாக மேலும் கீழும் அசைந்தால், மேலே பயன்படாமல் விட்டிருக்கும் கடைசித் துளைகளில் லேஸை வளையமாகக் கோத்து, எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்துக்குள் விட்டு இறுக்கினால் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் அசைந்தால் அந்த ஷூ வேண்டாம்.

எல்லாம் பொருந்திய இரண்டு மூன்று மாடல்களில் எதை எடுப்பது என்ற இடத்தில், ஆய்வாளர்கள் இன்று சொல்லும் பதில் வியக்கும்படி எளிமையானது: எது உங்களுக்கு இதமாக இருக்கிறதோ அதை. கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக் என்ற உயிரியக்கவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 2015-இல் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். உடல் தனக்கு இயல்பான ஓர் இயக்கப்பாதையை விரும்புகிறது; அந்தப் பாதையைக் குலைக்காத ஷூவையே நாம் இதமானது என்று உணர்கிறோம்; எனவே இதம் என்ற உணர்வே ஒரு வடிகட்டியாகச் செயல்படுகிறது என்பது அவர்கள் வாதம். இது இன்னும் முழுதாக நிறுவப்பட்ட உண்மையல்ல. என்றாலும், படைவீரர்களைத் தங்களுக்கு இதமான இன்சோலைத் தாங்களே தேர்ந்தெடுக்கவிட்ட 2001-ஆம் ஆண்டு ஆய்வொன்றில் அவர்களுக்குக் காயம் குறைந்திருந்தது என்பதால், மற்ற அளவுகோல்களைவிட இதை நான் நம்புகிறேன். ஆனால் இதம் என்பது நாற்காலியில் உட்கார்ந்து உணரும் இதமல்ல. அணிந்து ஐந்து நிமிடமாவது உங்கள் வழக்கமான வேகத்தில் ஓட வேண்டும். ஒரு காலில் ஒரு மாடல், மறுகாலில் இன்னொன்று என்று போட்டுக்கொண்டு ஓடி, பிறகு மாற்றிப் போட்டு ஓடினால், தனித்தனியே போட்டபோது தெரியாத வேறுபாடுகள் தெரியும்; கடையில் இருப்பவர்கள் ஒருமாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். "போகப்போகச் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். தோல் செருப்புக்குப் பொருந்தும் அந்தச் சமாதானம் இன்றைய ஓட்டஷூவுக்குப் பொருந்தாது. முதல் நாளில் உரசுவது பத்தாம் நாளிலும் உரசும்.

பெயர்களைச் சொல்லாமல் முடித்தால் நீங்கள் ஏமாற்றமடைவீர்கள். நடுத்தரக் குஷன் வரிசையில் ஏசிக்ஸ் ஜெல்-கியூமுலஸ், புரூக்ஸ் கோஸ்ட், சாக்கோனி ரைட், நைக்கி பெகசஸ், நியூ பேலன்ஸ் 880, மிசுனோ வேவ் ரைடர் ஆகியவை பல்லாண்டுகளாக நியூட்ரல் ஓட்டக்காரர்களின் அன்றாட ஷூக்கள். அதற்கடுத்த, தாராளமான குஷன் வரிசையில் ஏசிக்ஸ் ஜெல்-நிம்பஸ், புரூக்ஸ் கிளிசரின், சாக்கோனி டிரையம்ஃப், நியூ பேலன்ஸ் 1080, நைக்கி வொமேரோ, ஹோகா கிளிஃப்டன் ஆகியவை இருக்கின்றன. ஹோகாவின் "பாண்டை" என்ற மாடல் கிளிஃப்டனைவிடத் தடித்தது. முதல் வரிசையில் இரண்டு, இரண்டாம் வரிசையில் இரண்டு என்று நான்கைப் போட்டு ஓடிப்பாருங்கள். உங்கள் எடைக்கு முதல் வரிசையில் சில சற்று விறைப்பாகத் தோன்றக்கூடும். அப்படியானால் தயங்காமல் இரண்டாம் வரிசைக்குப் போங்கள், அதில் நிலைத்தன்மைச் சோதனையைத் தவறவிடாதீர்கள். ஒரே பெயரில் ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்புகளில் நுரையும் ட்ராபும் அகலமும்கூட மாறிவிடுகின்றன. போன பதிப்பு பிடித்திருந்தது என்பதற்காக அடுத்ததைப் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். புரூக்ஸில் பெயருக்குப் பின்னால் ஜி.டி.எஸ். என்று இருந்தால் அது தடுப்பு வைத்த வகை; ஏசிக்ஸ் ஜெல்-கயானோவும் அப்படியே. அவற்றைத் தவறுதலாக வாங்கிவிட்டால் ஆபத்து ஒன்றுமில்லை, உங்களுக்குத் தேவையில்லாத ஒன்றுக்குப் பணம் கொடுத்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

இன்சோல் வேண்டாம். வலியில்லாத பாதத்துக்கு வளைவு உயரமாக இருக்கிறது, தாழ்வாக இருக்கிறது என்று பார்த்து மட்டும் இன்சோல் போடுவதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மூன்று ஆண்டுகள் இன்சோல் இல்லாமல் நன்றாக ஓடிய காலில், போட்டிக்குச் சில மாதங்களுக்கு முன் புதிதாக ஒன்றை நுழைப்பது வேண்டாத சோதனை.

900 கிலோமீட்டர் ஓடிய ஷூ ஓய்வுபெறத் தகுதியானதுதான். 500 முதல் 800 கிலோமீட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு; எடை குறைந்தவர் என்பதால் உங்களிடம் அது சற்று நீண்டிருக்கிறது. அதிர்வு தாங்கும் திறன் கடைசியில் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை; முதல் நூறு, இருநூறு கிலோமீட்டர்களிலேயே கணிசமாகக் குறைந்து, பிறகு மெதுவாகத் தேய்கிறது என்று 1985-இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். எனவே அடிரப்பரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நுரையின் பக்கச் சுருக்கங்கள் நிரந்தரமாகப் பதிந்துவிட்டனவா, வழக்கமான தூரத்துக்குப் பிறகு வழக்கமில்லாத அசதி வருகிறதா என்று பாருங்கள். பழையதை உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குப் புதியதைக் குறுகிய ஓட்டங்களுக்கு மட்டும் அணிந்து, மெல்ல மெல்ல நீண்ட ஓட்டத்துக்கு மாற்றுங்கள். வசதியிருந்தால் வேறொரு மாடலில் இரண்டாவது ஜோடி ஒன்றும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓடுவதை நான் ஆதரிக்கிறேன். 264 பேரை 22 வாரம் கண்காணித்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி அணிந்தவர்களின் காய ஆபத்து 39 சதவீதம் குறைவாக இருந்தது; ஒவ்வொரு ஷூவும் காலின் வெவ்வேறு பகுதிகளில் பளுவை வைப்பது காரணமாக இருக்கலாம்.

கெண்டைக்கால் இறுக்கம் ஓட்டத்துக்கு மறுநாள் வந்து, அதற்கடுத்த நாள் மறைந்துவிடுகிறது என்றால், தூரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாக மட்டும் கூட்டிக்கொண்டு, படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியை வாரம் மூன்று முறை செய்தால் போதும். மாறாக, காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் வலித்தாலோ, கீழ்க்கால் எலும்பில் ஒரு விரல்நுனி அளவு இடத்தில் தொட்டால் கூர்மையாக வலித்தாலோ, ஷூ வாங்குவதைத் தள்ளிவைத்து, ஓட்டத்தையும் நிறுத்திவிட்டு, விளையாட்டு மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ நேரில் காட்டுங்கள்; அந்த இரண்டு வலிகளையும் எந்தக் குஷனாலும் ஆற்ற முடியாது.